எல்எல்ஆர்ல ஓட்டி இடிச்சுட்டேன், அண்ணன் ஓட்டுனதா எழுதிரலாமா?

மண்டபம் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. பேர் வேண்டாம்னு கேட்டதால போடல. நீளமான கடிதம், விஷயத்த மட்டும் எடுத்து தர்றேன்.

"அண்ணே, வீட்டுக்காரர் துபாய்ல இருக்காரு. ஜனவரில மதுரைல ஒருத்தர்ட்ட ஆறு வருஷம் ஓடுன வேகன் ஆர் வாங்குனோம். ஆர்சி வீட்டுக்காரர் பேருக்கு மாறிருச்சு, இன்ஷூரன்ஸ் மட்டும் இன்னும் பழைய ஓனர் பேர்லயே இருக்கு, அக்டோபர் வரைக்கும் ஃபுல் இன்ஷூரன்ஸ். நான் பிப்ரவரி கடைசில எல்எல்ஆர் போட்டேன். எங்க அண்ணன்ட்ட லைசென்ஸ் இருக்கு, ஆனா அவரு கடலுக்கு போறவரு, கெடைக்கிற நாள்ல தான் வந்து சொல்லித்தருவாரு. போன வாரம் அவர் இல்லாதப்ப நாத்தனார் மகன பக்கத்துல வச்சுக்கிட்டு தெருவுல ரிவர்ஸ் எடுத்தேன். 12ஆவது படிக்கிறான், 17 வயசு, நல்லா ஓட்டுவான், தினமும் வண்டிய உள்ள விடுறதே அவன் தான். பிரேக்குனு நெனச்சு ஆக்ஸிலேட்டர மிதிச்சுட்டேன். பக்கத்து வீட்டு பைக்க தள்ளிவிட்டு அவங்க சுவத்துல முட்டி நின்னுச்சு. ஒர்க் ஷாப்ல 18,000 சொல்றாங்க. 'அண்ணன் ஓட்டுனதா எழுதி க்ளெய்ம் போடுங்க, எல்எல்ஆருக்கு இன்ஷூரன்ஸ் செல்லாது'னு சொல்றாங்க. எழுதிரலாமா? லண்டன்ல நர்ஸா இருக்குற எங்க சின்னம்மா பொண்ணு, புதுசா ஓட்டுறவங்களுக்கு அங்க பிரீமியமே தனினு சொல்றா, இங்கயும் அப்படியா? மே மாசம் அவரு லீவுல வர்றாரு, அவர பக்கத்துல உக்கார வச்சு தனுஷ்கோடி வரைக்கும் நானே ஓட்டணும்னு ஆசை."

தங்கச்சி, மொத கேள்விக்கு மொதல்ல பதில். எழுதாதீங்க. உங்களுக்கு ஏற்கனவே தப்பா சொல்லிக்குடுத்திருக்காங்க, எல்எல்ஆருக்கு இன்ஷூரன்ஸ் நல்லாவே செல்லும். உங்க பாலிசி பேப்பர எடுத்து 'டிரைவர்' அப்படினு போட்டிருக்குற பத்திய படிச்சு பாருங்க, பொடி எழுத்துல தான் இருக்கும், செல்லுபடியாகுற லைசென்ஸ் வச்சிருக்குற யாரும் ஓட்டலாம், எல்எல்ஆர் வச்சிருக்கறவங்களும் ஓட்டலாம், ஆனா மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989ல இருக்குற 3ஆவது விதிய கடைப்பிடிச்சிருக்கணும்னு எழுதியிருக்கும். எல்லா கம்பெனி கார் பாலிசிலயும் இதே வாசகம் தான். அந்த 3ஆவது விதில நமக்கு வேண்டியது மூணே மூணு விஷயம், எல்எல்ஆர் காலாவதி ஆகாம கையில இருக்கணும், முன்னாடியும் பின்னாடியும் வெள்ளைல செவப்பா 'எல்' இருக்கணும், வண்டிய நிறுத்தவோ கட்டுப்படுத்தவோ தோதான எடத்துல முறையான லைசென்ஸ் உள்ள ஒருத்தர் உக்காந்திருக்கணும்.

நான் சர்வேயர். வண்டி இடிஞ்சா கம்பெனிக்காரங்க பாத்துட்டு வரச்சொல்லி அனுப்புற ஆளு. எல்எல்ஆர் கேஸ்னு வந்துட்டா நான் மொதல்ல பாக்குறது டிரைவர் சீட்ட இல்ல, அதுக்கு இடது பக்கத்து சீட்ட. உங்க விஷயமும் அங்க தான் அடிபடுது. 17 வயசு பையன் எவ்வளவு நல்லா ஓட்டுனாலும் அவன்ட்ட லைசென்ஸ் இல்ல, அப்ப பக்கத்துல ஆளே இல்லாம நீங்க தனியா ஓட்டுன மாதிரி தான் கணக்கு. போலீஸ் புடிச்சிருந்தா லைசென்ஸ் இல்லாம ஓட்டுனதா தான் போடுவாங்க, 2019 திருத்தத்துக்கு அப்புறம் அதுக்கு 5,000 ரூபா.

இப்ப அந்த "அண்ணன் ஓட்டுனதா எழுதிரலாம்" கதைக்கு வர்றேன். சில வருஷம் முன்னாடி ராமேஸ்வரம் தீவுக்குள்ள ஒரு கேஸ் பாக்க போனேன். கார் முன்பக்கம் ஒரு மின்கம்பத்துல மோதி ரேடியேட்டர் வரைக்கும் உள்ள போயிருச்சு, கிட்டத்தட்ட ஒரு லட்சம் ரூபா வேல. க்ளெய்ம் ஃபார்ம்ல ஓட்டுனது அந்த வீட்டு பொண்ணோட அண்ணன்னு இருந்துச்சு, லைசென்ஸ் காப்பியும் பக்காவா இருந்துச்சு. அவரு என் பக்கத்துல தான் நிக்குறாரு, ஆறடி ஆளு. நான் டிரைவர் கதவ தொறந்து உக்காரப் போனா முட்டி ஸ்டியரிங்ல இடிக்குது, சீட்டு கடைசி வரைக்கும் முன்னாடி தள்ளி இருக்கு. சரின்னு பின்னாடி போய் டிக்கி கண்ணாடிய பாத்தா நாலு மூலைலயும் பசை, ஒரு மூலைல மட்டும் நகத்தால சொரண்டியும் போகாத செவப்பு பேப்பர் விரல் நகம் அளவுக்கு ஒட்டிக்கிட்டு இருக்கு. எதுவும் கேக்காம போட்டோ மட்டும் எடுத்துக்கிட்டேன். அப்புறம் விசாரிச்சா, விபத்து நடந்த ராத்திரி அண்ணன் மீன்பிடிக்க போறதுக்கான டோக்கன் வாங்கிட்டு போட்டுல போயிருக்காரு, மறுநாள் காலைல தான் கரைக்கே வந்திருக்காரு. கடல்ல இருந்த ஆளு ரோட்டுல எப்படி கார் ஓட்டுவாரு.

வயித்தெரிச்சல் என்னன்னா, நெசமா ஓட்டுனது தங்கச்சி, எல்எல்ஆர் நடப்புல இருந்துச்சு, பக்கத்துல முன் சீட்டுல இருந்தது மாமனார், அவரு 20 வருஷமா லைசென்ஸ் வச்சிருக்குற மனுஷன், எல் போர்டும் ஒட்டியிருந்துச்சு. அப்படியே நடந்தத எழுதியிருந்தா பணம் வந்திருக்கும்! யாரோ "எல்எல்ஆர்னா குடுக்க மாட்டான்"னு சொன்னத நம்பி, ஒட்டியிருந்த நல்ல ஆதாரத்தையும் சொரண்டி எடுத்துட்டு, பொய் எழுதிக் குடுத்து, மொத்தமும் போச்சு. க்ளெய்ம் ஃபார்ம்ல பொய் சொன்னா அதுக்காகவே நிராகரிக்கலாம், சரியான க்ளெய்மா இருந்தாலும் தான். உங்க அண்ணனும் கடலுக்கு போறவருன்னு எழுதியிருக்கீங்க, படிச்சதும் அந்த செவப்பு பேப்பர் தான் ஞாபகம் வந்துச்சு.

உங்க கேஸ்ல உண்மைய எழுதுனாலும் பணம் வராது, ஏன்னா பக்கத்து சீட்டு காலி. வேற ஒரு ஓட்டையும் இருக்கு, பாலிசி இன்னும் மதுரைக்காரர் பேர்ல இருக்கு. வண்டி கை மாறுனா தேர்ட் பார்ட்டி கவர், அதாவது நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கானது, தானா புது ஓனருக்கு வந்துரும், ஆனா வண்டிக்கான கவர், அதாவது ஓன் டேமேஜ், நீங்க கம்பெனில எழுதிக்குடுத்து பேர் மாத்துனா தான் உண்டு. அதுக்கு 14 நாள் தான் டைம் குடுத்திருக்கு, உங்களுக்கு ரெண்டு மாசம் ஓடிருச்சு. ஆர்சி ஒரு பேர்ல பாலிசி ஒரு பேர்ல இருந்தா ரெண்டு பேருக்குமே குடுக்க மாட்டாங்க, பழைய ஓனருக்கு வண்டி இல்ல, புது ஓனருக்கு பாலிசி இல்ல.

18,000 போகுதேன்னு கவலப்படாதீங்க, எல்லாம் சரியா இருந்திருந்தாலும் முழுசா வந்திருக்காது. பம்பர் 4,000னு வைங்க, பிளாஸ்டிக்குக்கு தேய்மானம் பாதி, 2,000 தான் வரும். பின் லைட் 3,000, அதுலயும் பாதி. டிக்கி கதவு 6,000, தகரத்துக்கு 5 வருஷம் தாண்டுன வண்டின்னா 40 சதவீதம் கழிப்பாங்க, 3,600 வரும். லேபரும் பெயிண்டும் 5,000னா அதுல பெயிண்ட் சாமானுக்கு கொஞ்சம் கழியும். கடைசில நீங்களே போட வேண்டிய கட்டாய கழிவு 1,000. எல்லாம் போக கையில வர்றது 10,700 பக்கம். அதுக்கு அடுத்த வருஷம் கெடைக்க வேண்டிய 20 சதவீத நோ க்ளெய்ம் போனஸையும், அதான் க்ளெய்ம் போடாம இருந்ததுக்கு பிரீமியத்துல கழிக்கிறது, எழந்திருப்பீங்க. சின்ன அடிக்கெல்லாம் க்ளெய்ம் போகாதீங்கன்னு நான் எல்லார்ட்டயும் சொல்றது தான்.

பக்கத்து வீட்டு பைக்குக்கும் சுவத்துக்கும் பேசி முடிங்க, அதான் நல்லது. ஆள் மேல பட்டிருந்தா கதையே வேற. தேர்ட் பார்ட்டி பாலிசி உயிருக்கும் காயத்துக்கும் உச்சவரம்பு இல்லாம குடுக்கும், சொத்து சேதத்துக்கு ஏழரை லட்சம் வரைக்கும் குடுக்கும், ஆனா லைசென்ஸ் விதிய மீறி ஓட்டியிருந்தா அடிபட்டவங்களுக்கு கம்பெனி மொதல்ல குடுத்துட்டு அப்புறம் அந்த பணத்த வண்டி ஓனர்ட்ட வசூல் பண்ணிக்கலாம். 2004ல உச்ச நீதிமன்றம் ஸ்வரண் சிங் வழக்குல சொன்னது இது, எல்எல்ஆரும் லைசென்ஸ் தான்னு சொன்னதும் அதே தீர்ப்பு தான். ஓனர்னா இங்க யாரு, துபாய்ல இருக்குற உங்க வீட்டுக்காரர். அவர் அங்க இருக்கும்போது இங்க வீட்டுக்கு நோட்டீஸ் வரும்.

அந்த 17 வயசு பையன் விஷயத்த நீங்க ஏதோ போறபோக்குல எழுதியிருக்கீங்க, எனக்கு உங்க விபத்த விட அது தான் பயமா இருக்கு. தெருவுல வண்டிய எடுத்து உள்ள விடுறதும் ஓட்டுறது தான். மைனர் ஓட்டி ஏதாவது ஆச்சுன்னா பெத்தவங்களோ வண்டி ஓனரோ தான் குற்றவாளி, 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபா அபராதம், வண்டி பதிவு 12 மாசத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயசு ஆகற வரைக்கும் லைசென்ஸே கெடையாது. காலேஜ் முடிச்சு வேலைக்கு போற வயசுல அவனுக்கு லைசென்ஸ் இல்லாம பண்ணிராதீங்க. இன்னைக்கே சாவிய வாங்கி வைங்க, மொகத்த தூக்கி வச்சுக்குவான், வச்சுக்கட்டும்.

இப்ப செய்ய வேண்டியது. ஆர்சி காப்பி, பழைய பாலிசி, வண்டி வித்த ஃபார்ம் 29, 30 காப்பி இதெல்லாம் எடுத்துக்கிட்டு பாலிசி குடுத்த கம்பெனிக்கு போய் பேர் மாத்த எழுதிக் குடுங்க. வண்டிய ஒரு தடவ பாக்கணும்னு சொல்வாங்க, அதனால இடிச்சத சரி பண்ணிட்டு போங்க. மதுரைக்காரர் பாலிசில போனஸ் கழிச்சிருந்தா அந்த வித்தியாசத்த உங்கள்ட்ட கேப்பாங்க, நோ க்ளெய்ம் போனஸ் ஆளுக்கு சொந்தம், வண்டிக்கு இல்ல, அவரு அடுத்த வண்டிக்கு எடுத்துட்டு போயிருவாரு. அதுல ஏமாத்துறாங்கன்னு சண்டை போடாதீங்க.

இதுல இன்னொரு விஷயம், யாரும் சொல்ல மாட்டாங்க. பாலிசில 15 லட்சத்துக்கு ஓனர் டிரைவர் விபத்து கவர்னு ஒண்ணு வரும். ஆர்சியும் பாலிசியும் யார் பேர்ல இருக்கோ அவருக்கு மட்டும் தான் அது, அதுவும் அவருக்கு செல்லுபடியாகுற லைசென்ஸ் இருந்தா தான். வண்டி உங்க வீட்டுக்காரர் பேர்ல, தினம் ஓட்டப்போறது நீங்க. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்த 15 லட்சம் வராது. ஆர்சிய உங்க பேருக்கே வாங்கியிருந்தா எல்எல்ஆர்லயே, விதிப்படி ஓட்டுனா, அந்த கவர் உங்களுக்கு இருந்திருக்கும். வளைகுடால ஆம்பளைங்க இருக்குற வீட்டுல எல்லாம் பாத்துட்டேன், வண்டி அவர் பேர்ல, ஓட்டுறது இவங்க. மறுபடி ஆர்சி மாத்துறது அலைச்சல்னா உங்க பேர்ல தனியா ஒரு தனிநபர் விபத்து பாலிசி எடுத்துருங்க.

லண்டன் கத உண்மை தான். அங்க எல்எல்ஆர் மாதிரி இருக்குற லைசென்ஸ்ல ஓட்டணும்னா பக்கத்துல இருக்கறவருக்கு 21 வயசு ஆகியிருக்கணும், லைசென்ஸ் எடுத்து 3 வருஷம் முடிஞ்சிருக்கணும், ஓட்டுறவங்க பேரும் பாலிசில இருக்கணும் இல்ல தனியா எடுக்கணும், லைசென்ஸ் எடுத்து ரெண்டு வருஷத்துக்குள்ள தப்பா ஓட்டுனதுக்கு போடுற பாயிண்ட் 6 வாங்குனா லைசென்ஸே போயிரும். நம்ம ஊர்ல ஓட்டுறவங்க வயச பாத்து தேர்ட் பார்ட்டி கட்டணம் மாறாது, இன்ஜின் சிசி தான் கணக்கு, 2022 ஜூன்ல வந்த பட்டியல்ல 1000 சிசிக்கு உள்ள காருக்கு வருஷம் 2,094 ரூபா, வரி தனி. ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கு வண்டியோட மதிப்பு, வயசு, எந்த ஊர்ல பதிவு பண்ணதுன்னு பாப்பாங்க, சென்னைய விட நம்மள மாதிரி ஊர்களுக்கு ரேட் கொஞ்சம் கம்மி. புது கார் வாங்கியிருந்தா 3 வருஷ தேர்ட் பார்ட்டிய மொத்தமா கட்டியிருக்கணும், உச்ச நீதிமன்ற உத்தரவால 2018 செப்டம்பர்ல இருந்து அப்படி தான், அந்த வழக்க போட்டது கோயம்புத்தூர் எலும்பு டாக்டர் ராஜசேகரன், எத்தன முறிஞ்ச காலு பாத்திருப்பாரோ.

சரி, தனுஷ்கோடி. வீட்டுக்காரர பக்கத்துல வைக்கிறதுக்கு முன்னாடி அவரோட நம்ம ஊர் லைசென்ஸ எடுத்து தேதி பாருங்க. தேதி முடிஞ்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆயிருந்தா மறுபடி டெஸ்ட் குடுத்து தான் புதுப்பிக்கணும், தேதி முடிஞ்ச லைசென்ஸ புதுப்பிக்கிற வரைக்கும் அவரும் ஓட்டக்கூடாது, உங்களுக்கு பக்கத்து சீட்டு ஆளாவும் ஆக மாட்டாரு. வெறும் துபாய் லைசென்ஸ் அட்டைய காட்டி க்ளெய்ம் வாங்க முடியாது. அதோட அங்க இடது பக்க ஸ்டியரிங்ல ஓட்டி பழகுனவங்க லீவுல வந்த மொத வாரம் திருப்பத்துல தன்ன அறியாம எதிர் பக்கத்துக்கு போவாங்க, அப்படி இடிச்ச ரெண்டு வண்டிய நானே பாத்திருக்கேன்.

அதனால நான் சொல்றது, உங்க அண்ணன் தான் சரியான ஆளு, காலமும் நல்லா ஒத்து வருது. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், 61 நாள் அண்ணன் கரைல தான் இருப்பாரு. உங்க எல்எல்ஆர் 6 மாசம், ஆகஸ்ட் கடைசி வரைக்கும் இருக்கு, எடுத்து 30 நாள் ஆனா டெஸ்டுக்கு போகலாம், ஆனா அவசரப்படாதீங்க, தடைக்காலம் முழுக்க பழகிட்டு ஜூன்ல போங்க. அண்ணன் முன் சீட்டுல உக்காரணும், கொழுந்தனார முன்னாடி உக்கார வச்சுட்டு அவரு பின்னாடி போனா செல்லாது. டிரைவிங் ஸ்கூல் வண்டில இருக்குற ரெண்டாவது பிரேக் நம்ம வண்டில கெடையாது, அவர் கைக்கு எட்டுறது ஹேண்ட்பிரேக் ஒண்ணு தான், அதனால அந்த எடத்துல தண்ணி பாட்டில், ஹேண்ட்பேக் எதையும் வைக்காதீங்க.

காலைல ஆறு மணிக்கு கெழக்கு கடற்கரை சாலைல கீழக்கரை பக்கம் கூட்டிட்டு போகச் சொல்லுங்க. ஆடு குறுக்க வரும், ரோட்டோரம் கருவாடு காயும், வாலிநோக்கம் பக்கம் உப்பு லாரி வரும், எல்லாம் பழகும். பாம்பன் பாலத்துக்கு சனி ஞாயிறு போகவே போகாதீங்க, 1988ல தொறந்த ரோட்டுப் பாலம், ரெண்டே கால் கிலோமீட்டருக்கு மேல, புது ரயில் பாலத்த பாக்கணும்னு வெளியூர் வண்டியெல்லாம் சொல்லாம கொள்ளாம நடுவுல நிறுத்துவான், அதுல காத்து வேற வண்டிய தள்ளும். எல்எல்ஆர்காரங்க பின்னாடி போய் முட்டுற எடம் அது தான்.

தனுஷ்கோடி தாண்டி கடைசி முனையான அரிச்சல்முனை வரைக்கும் 2017ல இருந்து நல்ல ரோடு இருக்கு, ஆனா காத்தடிச்சா மணல் ரோட்டு மேல ஏறி கெடக்கும், அதுல பிரேக்க மிதிச்சா சறுக்கும். ரோட்ட விட்டு எறங்காதீங்க. போட்டோ எடுக்கணும்னு அலை ஓரமா விட்டு தண்ணி ஏறி மாட்டுன வண்டிங்கள நெறய பாத்திருக்கேன். தண்ணிக்குள்ள வண்டி நின்னுட்டா மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீங்க, உள்ள தண்ணிய இழுத்து இன்ஜினுக்குள்ள இருக்குற கனெக்டிங் ராடு வளைஞ்சுரும். ஏர் ஃபில்டர் பெட்டிய தொறந்தா ஈரமும் பொடி மணலும் இருக்கும், பாத்ததுமே தெரிஞ்சுரும் நமக்கு. அந்த இன்ஜின் செலவு சாதா பாலிசில வராது, இன்ஜின் புரொடெக்ட்னு தனியா சேத்திருந்தா தான் பேச்சு, அதையும் பாலிசி புதுப்பிக்கும்போது கேட்டு வாங்கணும். உப்புக்காத்துல அடிப்பக்கம் துரு ஏறுறதுக்கும் காசு கெடையாது, போயிட்டு வந்த அன்னைக்கே அடில நல்ல தண்ணி அடிச்சு கழுவிருங்க.

பம்பர் மாத்தும்போது அதுல ஒட்டியிருந்த எல்லும் சேந்து போயிருக்கும். 18 சென்டிமீட்டர் சதுரம், வெள்ளைல செவப்பு எழுத்து 10 சென்டிமீட்டர் உயரம், ஸ்டிக்கர் கடைல சொன்னா வெட்டிக் குடுப்பாங்க. ஒட்டிட்டு வண்டிய எடுங்க.